துச்சாதனனின் கற்பூரம்

திருப்பதியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். மாடி அறை, விரித்த பாய், அதன்மேல் பென்சிலால் வரைந்த கோட்டை வரைபடம், பகடை உருட்ட ஒரு எவர்சில்வர் தட்டு. ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். பாத்திரங்கள் சேர்ந்து போகும் குழுவைப் பார்ட்டி என்பார்கள்.

அன்று எங்கள் பார்ட்டியில் ஒரு பாலடின் இருந்தாள். தர்மத்தின் பெயரால் சத்தியம் செய்துவிட்டு வாளெடுத்தவள். ஒரு திருடனும் இருந்தான். சரணடைந்த காவலாளி ஒருவனை உயிரோடு விடுவதாகப் பாலடின் வாக்குக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். பின்னால் நின்ற திருடன் அவன் கழுத்தை அறுத்துவிட்டான். பாலடினாக ஆடிய பெண் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வாக்குக் கொடுத்திருந்தேன்" என்றாள். "என்னக்கா பண்றது, என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்றான் திருடனாக ஆடிய தம்பி. அடுத்த ஞாயிறு இரண்டு பேர் வரவில்லை. டிஎம் நான்தான். அந்த ஆட்டம் உடைந்ததற்கு முதல் பொறுப்பு என்னுடையது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஒழுக்கத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பாத்திரங்களை ஒரே குழுவில் எப்படி வைப்பது என்ற கேள்விக்கு இந்த ஆட்டத்தின் வயதே ஆகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் விதிநூலிலேயே ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றில் ஒன்றைச் சார வேண்டியிருந்தது. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனை நாவல்களிலிருந்து வந்த பிரிவு அது. பிறகு நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சு சேர்ந்தது. 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒன்பது கட்டங்கள் ஆயின. ஆடுபவர்கள் இதை அலைன்மென்ட் என்கிறார்கள்.

அந்த 1978 நூலை எடுத்துப் பார்த்தால் சண்டையின் விதை அதிலேயே இருக்கிறது. பாலடின் ஒழுங்கும் நன்மையும் உள்ளவராகவே இருக்க வேண்டும், தெரிந்தே தீமை செய்தால் பாலடின் தகுதி போய்விடும், நல்லவர்களோடுதான் சேரலாம் என்கிறது. அதே நூல் கூலிக்கொலைகாரனையும் ஆடத்தக்க பாத்திரமாகத் தருகிறது, அவன் தீயவனாகவே இருக்க வேண்டும் என்ற விதியோடு. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த நூல், அவர்கள் சேர்ந்து சாப்பிடுவது எப்படி என்று சொல்லவில்லை. பின்னால் வந்த பதிப்புகள் பிடியைத் தளர்த்தின. 2008 பதிப்பு ஒன்பதை ஐந்தாக்கியது. 2014 பதிப்பு ஒன்பதையும் திருப்பிக் கொண்டுவந்தாலும், பாலடினைக் கட்டத்திலிருந்து விடுவித்து அவர் எடுத்த சத்தியத்தோடு மட்டும் கட்டியது. இது நல்ல மாற்றம். கட்டம் ஒரு ஆளை ஒரு சொல்லில் அடைத்துவிடும். சத்தியம் என்று வந்துவிட்டால் யாருக்கு, எதற்காக என்று கேட்டாக வேண்டும்.

வேறு ஆட்டங்கள் வேறு வழி தேடின. 1984-இன் பாரனோயாவில் காட்டிக்கொடுப்பதே ஆட்டம். ஆளுக்கு ஆறு நகல்கள் உண்டு, செத்தால் அடுத்தவர் வருவார், மனம் புண்பட இடமில்லை. கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்டிராகன் 1985-இல் வந்தது. அதில் இரக்கம்–கொடுமை, நேர்மை–வஞ்சம் என்று பதின்மூன்று இணைகள். ஒவ்வோர் இணையின் இரு எண்களும் கூடினால் இருபது. நல்லவன் என்று முத்திரை குத்தாமல், இவனுக்குள் இரக்கம் பதினான்கு, கொடுமை ஆறு என்று சொல்லும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். எங்கள் திருடனுக்கு அப்படி எண்கள் எழுதிய பாத்திரத் தாளைக் கொடுத்திருந்தால், கழுத்தை அறுக்குமுன் அவன் கை ஒரு பகடைக்காவது தயங்கியிருக்கும். 1991-இன் வாம்பயர், பாத்திரத்தின் மனிதத்தன்மையைப் பத்துக்கு இத்தனை என்று எண்ணிக் குறைத்துக்கொண்டே போனது. எல்லாம் நல்ல பொறிகள்தான். ஆனால் எல்லாமே பாத்திரத்தைத்தான் பார்த்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்க்க இன்னும் பல வருடம் ஆயிற்று.

நான் இந்தக் கேள்விக்கு விடை தேடி அதிகம் அலையவில்லை. சித்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். சித்தூர் மாவட்டமே 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சேர்த்தது. திருத்தணி 1960 வரை எங்களோடுதான் இருந்தது. எங்கள் பக்கத்துத் தருமராஜர் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் அரிகதை, இரவில் கூத்து. இரண்டு மொழியும் கலந்த மண் என்பதால், ஊருக்கேற்பத் தெலுங்கிலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். அருச்சுனன் தபசு மரம் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான், பிள்ளை இல்லாத பெண்கள் கீழே முந்தானை விரித்து நிற்பார்கள். கடைசி நாள் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் வானம் பார்த்துப் படுத்திருப்பான்.

இதில் துகிலுரிதல் இரவை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ச் சொல்ல வேண்டும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். பாஞ்சாலி வேடம் கட்டியவர் ஆண்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் புடவை சுற்றியிருப்பார். துச்சாதனன் புஜக்கட்டையும் கிரீடமுமாகச் சபையை அதிரவைத்தபடி வருவான். அதுவரை அவனைக் கண்டு பிள்ளைகள் அலறி அம்மா மடியில் ஒளிவார்கள். புடவையில் கைவைக்க வேண்டிய இடம் வந்ததும் ஆட்டம் நிற்கும். மிருதங்கம் அடங்கும். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் அந்தப் பாஞ்சாலி முன்னால் குனிந்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டு, 'அம்மா, இது என் வேடம், பொறுத்துக்கொள்' என்ற பாவனையில் நிற்பான். பிறகுதான் புடவை முனையைத் தொடுவான். தொட்ட பிறகு அவனிடம் இரக்கமே இருக்காது. புடவை வந்துகொண்டே இருக்கும், பாஞ்சாலி கோவிந்தனைக் கூப்பிடுவாள், கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். வேடம் கட்டியவருக்கே வந்துவிடுவதும் உண்டு.

சின்ன வயதில் அந்தக் கற்பூரத்தைப் பயம் என்று நினைத்தேன். பாவம் சேர்ந்துவிடுமோ என்ற பயம் அதில் இருக்கவே செய்கிறது. இப்போது பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. துச்சாதனன் நல்லவனாக மாறிவிடவில்லை, அவன் கொடுமையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. வேடம் கட்டியவர் இன்னொரு வேடம் கட்டியவரிடம், ஊர் பார்க்க, அனுமதி கேட்டார். கொடுமைக்கு முன்னால் ஒரு மரியாதை நடந்தது. அந்த மரியாதை நடந்ததால்தான் கொடுமையை முழு அளவில் ஆட முடிந்தது. எங்கள் மாடி அறையில் திருடன் செய்த கொலை இதைவிடச் சின்னது. அதற்குமுன் கற்பூரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூத்தில் இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும்: கட்டியங்காரன். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவன், ராஜாவையே கேலி செய்பவன், துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ஊர்க்காரன் போல 'இது அநியாயம்' என்பவன். கதைக்குள் ஒரு கால், கூட்டத்துக்குள் ஒரு கால். சபை எல்லை மீறும்போது சிரிப்பாலோ சாடையாலோ இழுத்து நிறுத்துவது அவன் வேலை. டிஎம் என்றால் கடவுள் போல மேலே இருந்து கதை சொல்பவர் என்றே நானும் தொடக்கத்தில் நினைத்தேன். கட்டியங்காரனாக இருந்திருந்தால், திருடன் கத்தியை எடுத்த நொடியில் பாலடினாக ஆடிய பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பேன்.

திருப்பதி ஊருக்குள்ளேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மே மாதமும் தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு நடக்கும் ஜாத்திரை. 2024 டிசம்பரில் வந்த 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடிய காட்சியால் இப்போது நாடெங்கும் தெரிந்த பெயர் அது. இங்கே சொல்லும் கதை இது: ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் புதிதாகக் கல்யாணமான பெண்களையெல்லாம் கெடுத்துவந்தான். கங்கம்மா அவனை அழிக்கக் கிளம்பினாள், அவன் ஒளிந்துகொண்டான். நாளுக்கொரு வேடத்தில் அவனைத் தேடினாள். ஜாத்திரையில் கைகால குடும்பத்து ஆண்கள் அந்த வேடங்களைக் கட்டுகிறார்கள்: பைராகி, பண்ட, தோட்டி, தொர, மாதங்கி என்று வரிசையாக. ஊர் ஆண்களும் நேர்ந்துகொண்டு வேடம் கட்டுவார்கள், கடைசி நாட்களில் ஆயிரக்கணக்கானோர் புடவையில் வருவார்கள். ஜாய்ஸ் ஃப்ளூகிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி 2013-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

பண்ட வேடத்தன்று உடம்பெல்லாம் குங்குமம் அப்பிக்கொண்டு வருபவர்கள் வாயில் வராத வசவு இருக்காது. மற்ற நாளில் ஒரு சொல்லுக்குக் கைகலப்பு ஆகிவிடும் தெருவில், அன்று எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த வசவுக்கு ஒரு நாள் உண்டு, ஒரு கோலம் உண்டு, குங்குமம் கழுவப்பட்டதும் அது முடிந்துவிடும். ஜாத்திரைக்கு எல்லை கட்டிய பிறகு ஊரை விட்டு வெளியூர் போய்த் தங்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் சேர்ந்து, வேடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அடுத்தது. தொர வேடத்தில் அவள் இளவரசனாக வருகிறாள். பாளையக்காரன் ஏமாந்து வெளியே வர, தலையை வெட்டிவிடுகிறாள். கதை அங்கே முடியலாம். முடியவில்லை. மறுநாள் மாதங்கியாக வருகிறாள், கொல்லப்பட்டவனின் மனைவியைத் தேற்ற. கொன்ற அதே தெய்வம், இன்னொரு வேடத்தில். நம் மேசைகளில் மாதங்கி நாள் இருப்பதே இல்லை. கொலை முடிந்ததும் புதையலைப் பங்கு போட்டு, வரைபடத்தைச் சுருட்டி, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். புண்பட்டவரை அதே மேசையில், அதே மாலையில் தேற்றுவதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் உடையாத குழுக்கள் எத்தனையோ இருக்கும்.

சரி, பாத்திரத்தை எப்படி ஒட்டவைப்பது? இதற்கு இரண்டு இதிகாசங்களும் அள்ளிக் கொடுக்கின்றன, நாம்தான் எடுத்துக்கொள்வதில்லை. கர்ணன் கௌரவர் பக்கம் நிற்பது அவர்கள் கொள்கை பிடித்து அல்ல. துரியோதனன் என்ற ஒருவனுக்காக, செஞ்சோற்றுக்கடனுக்காக. தாய் யார் என்று கண்ணன் சொன்ன பிறகும் பக்கம் மாறவில்லை. அந்த ரகசியத்தைத் தருமனிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறான். குழுவோடு ஒழுக்கம் ஒத்துப்போகாத பாத்திரத்தை எழுதும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: கொள்கையால் சேர முடியாவிட்டால், அந்தக் குழுவில் ஒரே ஒருவரோடு உப்பு உறவு ஒன்றை எழுதுங்கள். உங்கள் திருடன் பாலடினின் கையால் ஒருநாள் உயிர் பிழைத்தவன் என்று மட்டும் வையுங்கள். கத்தி எடுக்கும்போது கை தானாகத் தயங்கும், விதி எதுவும் தேவைப்படாது.

விகர்ணன் வேறு மாதிரி. கௌரவர் நூறு பேரில் ஒருவனாகத் துகிலுரிதல் சபையில் எழுந்து, நடப்பது தவறு என்றான். ஆனாலும் அண்ணனோடு நின்றான், போரில் பீமன் கையால் செத்தான், கொன்ற பீமனே வருந்தினான். கும்பகர்ணன் இராவணனிடம் சீதையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு, அழைக்க வந்த விபீடணனையும் திருப்பி அனுப்பிவிட்டு, தோற்கப்போகும் போருக்குப் போனான். விபீடணன் வெளியேறினான். கௌரவர் பக்கமிருந்த யுயுத்சு களத்திலேயே பக்கம் மாறினான். இவர்களில் எவரும் 'என் குணம் அப்படி' என்று கூடாரத்துக்குள் கத்தியை மறைத்து வைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் மாறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் நின்றார்கள் அல்லது போனார்கள். வெளியேறுவதும் கௌரவமான ஒரு வழி. சில பாத்திரங்களைக் கதைக்குள்ளேயே நல்லபடி வழியனுப்பிவிட்டு வேறு தாள் எழுதுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

பாண்டவர்களையே பாருங்கள். உலகத்திலேயே பேர்போன பார்ட்டி, உள்ளே ஓயாத தகராறு. சூதில் பாஞ்சாலியை வைத்து இழந்த அண்ணனின் கைகளை எரிக்கிறேன், நெருப்புக் கொண்டுவா என்று சகதேவனிடம் சொன்னவன் பீமன். அருச்சுனன் தடுத்தான். வனத்தில் பாஞ்சாலி தருமனைக் கேட்காத கேள்வி இல்லை. ஆனாலும் பதின்மூன்று வருடமும் குழு உடையவில்லை. கோபம் வாய்விட்டுச் சொல்லப்பட்டதால்தான் அவர்களால் சேர்ந்திருக்க முடிந்தது என்று நான் வாசிக்கிறேன்.

ஒரு மறுப்பை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டிப் பேசிவிட்டால் துரோகத்தில் என்ன சுவை இருக்கும், திடுக்கிடல் போய்விடாதா என்று நல்ல ஆட்டக்காரர்கள் கேட்கிறார்கள். பாரதத் திடலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்குத் துகிலுரிதல் எப்படி முடியும் என்று தெரியாதா? ஐம்பது வருடமாகப் பார்த்தவள். ஒவ்வொரு வருடமும் அழுகிறாள். அடுத்து என்ன என்று தெரிவது வேறு, அது நடக்கும்போது நெஞ்சு பதறுவது வேறு. திடுக்கிட வைப்பது சுலபம். தெரிந்தே பதற வைப்பதுதான் கலை.

முன்கூட்டிப் பேசுவதை இந்த ஆட்டத்தின் உலகமும் பையப்பையக் கண்டுகொண்டது. எது ஆட்டத்தில் வரவே கூடாது, எது திரைமறைவில் மட்டும் நடக்கலாம் என்று கோடு போடும் முறையை ரான் எட்வர்ட்ஸ் எழுதினார். 2013-இல் ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் எக்ஸ்-கார்டைக் கொண்டுவந்தார். மேசை நடுவில் ஒரு அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் பேச்சுக்கென்றே கூடுவதைச் செஷன் ஜீரோ என்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2020 நூல் ஒன்று அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியது. திருவிழாத் தொடக்கத்தில் கட்டுவதுபோல, நாங்கள் அதைக் காப்புக்கட்டு என்றே சொல்கிறோம்.

கோடு எங்கே போடுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். இதை நான் சேஷாசலக் காட்டை வைத்துக் கற்றுக்கொண்டேன். செம்மரக் காட்டில் நடக்கும் கதை ஒன்றை எழுதியிருந்தேன். கடத்தல்காரன், வனக்காவலர், காட்டுத் தெய்வம் என்று பாத்திரங்கள். எழுதும்போது உற்சாகமாக இருந்தது. காப்புக்கட்டு நாளில் அதைச் சொன்னபோது, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர், "அண்ணா, மரம் வெட்டப் போறவங்களை வச்சு வேணாம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அதற்கு முன்பு 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. சினிமாவில் செம்மரக் கடத்தல்காரனுக்குக் கைதட்டலாம், திரை தூரத்தில் இருக்கிறது. பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தூரம் கிடையாது. கதையைக் கிழித்துப் போட்டேன். யாருடைய அறம் சரி என்ற வாதமே அங்கே எழவில்லை, எழத் தேவையும் இருக்கவில்லை.

வராமல் போன இருவரையும் நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒருவர் திரும்பவில்லை. பாலடினாக ஆடிய பெண் இரண்டு மாதம் கழித்து வந்தாள், அதே தாளோடு. திருடனும் அதே திருடன்தான்; அவனை நல்லவனாக்க யாரும் கேட்கவில்லை. போன மாதம் ஒரு காட்சி: ஆற்றங்கரை, இரவு, பாலடின் காவல் காத்துக் கண்ணயர்ந்திருக்கிறாள். அவள் இடுப்பில் கோயில் சாவி. திருடனுக்கு அது வேண்டும், எடுத்தால் ஒரு ஊரே அழியும். தம்பி பகடையைக் கையில் எடுத்தான், உருட்டவில்லை. பாத்திரத்தின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில், "அக்கா, எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். தன் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்து, எவர்சில்வர் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எடுடா. ஆனா விடிஞ்சதும் நான் உன்னைத் தேடி வருவேன்."

பகடை தட்டில் விழுந்து சுழன்றது. பதினேழு.